அடங்கிப் போகிறவர்கள் எங்கே? இளையோர் டிஸ்டோப்பிய நாவல்கள் ஏமாற்றுவது ஏன்

ஹங்கர் கேம்ஸ் தொடரைப் படித்த வேகத்தில் அதே வகையைச் சேர்ந்த ஏழெட்டுத் தொடர்களை வரிசையாகப் படித்ததாகவும், ஏறக்குறைய எல்லாமே முதல் பாகத்தில் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு மூன்றாம் பாகத்தில் கையை விரித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பேரழிவுக்குப் பிந்தைய உலகம், கொடுங்கோல் அரசு, பதினாறு வயது நாயகி என்னும் இந்த அமைப்பே பழுதானதா, அல்லது அந்த வயதைக் கடந்துவிட்டதால் உங்களுக்குத்தான் சுவை மாறிவிட்டதா என்பது உங்கள் கேள்வி. உங்கள் சுவையில் குறையில்லை. பெரும்பாலும் பழுது புத்தகங்களில்தான் இருக்கிறது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களான காதல் முக்கோணம், அறிவியல் ஓட்டைகள், அவசர எழுத்து ஆகியவை அந்தப் பழுதின் மேல்தோலை மட்டுமே தொடுகின்றன என்று நினைக்கிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச இயலாது. ஆகவே இன்னும் படிக்காத தொடர் ஏதேனும் கையில் இருந்தால் அதைப் பற்றிய பத்தியைத் தாண்டிச் சென்றுவிடுங்கள்.

டிஸ்டோப்பியா என்றால் கொடுங்கோல் அரசைப் பற்றிய கதை என்றே நாம் பழகியிருக்கிறோம். என் வாசிப்பில் அது அடங்கிப் போகிறவர்களைப் பற்றிய கதை. எந்த அரசாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு காவலரை நிறுத்திவைக்க முடியாது. அடுத்த வீட்டுக்காரரும் ஆசிரியரும் பெற்ற தகப்பனும் அரசின் சட்டத்தைத் தாங்களாகவே தூக்கிச் சுமப்பதால்தான் அது நிற்கிறது. அவர்கள் ஏன் சுமக்கிறார்கள், அதனால் அவர்களுக்குக் கிடைப்பது என்ன, எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறார்கள் என்ற கேள்விகளுக்கு ஒரு நாவலிடம் பதில் இருந்தால், அதன் கதைப்பின்னல் ஆங்காங்கே தள்ளாடினாலும் அது மனத்தில் தங்கிவிடுகிறது. உங்களை ஏமாற்றிய தொடர்களில் ஆள்பவரும் இருக்கிறார், எதிர்ப்பவரும் இருக்கிறார். நடுவில் வாழவேண்டிய பெருங்கூட்டம்தான் இல்லை. முதல் பாகத்தில் இந்தக் குறை தெரியாது, ஏனெனில் அங்கே புதுமையே போதும். அரசு கவிழும் மூன்றாம் பாகத்தில்தான், எந்தத் தூணின்மேல் அது இத்தனை காலம் நின்றது என்று வாசகர் தேடத் தொடங்குகிறார்.

சூசன் காலின்ஸின் ஹங்கர் கேம்ஸ் தொடரில் 2008இல் வந்த முதல் நாவலையே எடுத்துக்கொள்வோம். குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைகளைத் தலைநகரத்து அரசு ஓர் அரங்கில் விட்டு ஒருவரையொருவர் கொல்லவைக்கும் கதை அது. அரங்கில் நடக்கும் கொலைகளைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது தொடக்கத்தில் வரும் சீட்டுக் கணக்கு. 12 வயது முதல் 18 வயது வரை ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் குலுக்கலில் சேர்க்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு சீட்டு கூடுகிறது. போடப்பட்ட சீட்டு எடுக்கப்படுவதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: வீட்டில் உள்ள ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு ஈடாக ஒரு சீட்டு கூடுதலாகப் போடவேண்டும். நாயகி காட்னிஸ் தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக ஆண்டுதோறும் மூன்று சீட்டுகளைச் சேர்த்ததால், 16 வயதில் அவள் பெயரில் 20 சீட்டுகள் இருக்கின்றன. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தைச் சுமக்கும் அவள் நண்பன் கேலின் பெயரில், 18 வயதில், 42. நீங்களே பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். குலுக்கல் நாளன்று காலையில் இருவரும் மேயர் வீட்டுப் பின்வாசலுக்கு ஸ்ட்ராபெரி விற்கப் போகிறார்கள்; கதவைத் திறக்கும் மேயரின் மகள் மேட்ஜ் வெள்ளை உடையில் பொன் ஊசி குத்தியிருக்கிறாள்; கேல் அந்த ஊசியைப் பார்த்து, உன் பெயரில் என்ன, ஐந்து சீட்டு இருக்குமா, எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே ஆறு இருந்தது என்று குத்திக்காட்டுகிறான். மேட்ஜ் எந்தத் தவறும் செய்யாதவள். பசித்தவனின் கோபம் தலைநகரத்தை நோக்கிப் போகாமல் பக்கத்துத் தெருவை நோக்கித் திரும்பும்படி அந்தச் சீட்டுமுறை அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேலே வேறு நாட்களில் காட்டுக்குள் நின்று புலம்புவதுண்டு. தெரிந்திருந்தும் அவனால் அந்தக் கோபத்தை அடக்க முடிவதில்லை. ஆட்சி எப்படி நிலைக்கிறது என்பது ஒரு பின்வாசலில், இரண்டு மூன்று வரிப் பேச்சில், நமக்குப் புரிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது வெரோனிக்கா ராத்தின் டைவர்ஜென்ட், 2011. சிகாகோ நகரம் ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: தன்னலமின்மை, வாய்மை, துணிவு, அமைதி, அறிவு. 16 வயதில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வாசிப்பில் நானும் அந்தத் தேர்வுச் சடங்கில் மயங்கியவன்தான். நான் எந்தப் பிரிவில் சேர்ந்திருப்பேன் என்று யோசிக்க வைப்பதுதான் அதன் வெற்றி. ஆனால் பயிற்சியில் தேறாதவர்கள் பிரிவற்றவர்களாக வெளியே தள்ளப்படுகிறார்கள் என்பதையும், தெருக் கூட்டுவது, குப்பை அள்ளுவது, கட்டடம் கட்டுவது, துணி நெய்வது, ரயிலையும் பேருந்தையும் ஓட்டுவது எல்லாம் அவர்கள்தான் என்பதையும் அந்த நாவல் தொடக்கத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. அதாவது ஐந்து நற்குணங்களும் வீற்றிருக்கும் நகரத்தை உண்மையில் நடத்துவது ஆறாவது கூட்டம். டிஸ்டோப்பியா முழுவதும் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் இருக்கிறது! நாவலோ அதை அங்கேயே விட்டுவிட்டு, துணிவுப் பிரிவினர் ஓடும் ரயிலிலிருந்து குதிக்கும் காட்சிக்கு நம்மை அழைத்துப் போகிறது. அந்த ரயிலைப் பிரிவற்ற ஒருவர்தான் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது நாயகிக்கும் தோன்றுவதில்லை, கதைக்கும் தோன்றுவதில்லை. இரண்டாம் பாகத்தில் பிரிவற்றவர்கள் திரும்பி வரும்போது ஒரு படையாக வருகிறார்கள். அவர்கள் வேலையை நிறுத்தினால் நகரம் என்னவாகும் என்ற கேள்வி எழவே இல்லை.

2013இல் வந்த மூன்றாம் பாகமான அலீஜியன்ட்டைப் பற்றிய கோபம் பெரும்பாலும் நாயகி ட்ரிஸ் இறந்துபோவதைப் பற்றியது. எனக்கு அதில் குறையில்லை. முடிவுக்கு அந்தத் துணிச்சல் இருந்ததே நல்லது என்பேன். என் வருத்தம் அதற்கு முன்பு வரும் விளக்கத்தில் இருக்கிறது. நகரத்தின் வேலிக்கு வெளியே போனதும், இது முழுவதும் பழுதுபட்ட மரபணுக்களைத் தலைமுறைகளாகச் சீர்செய்வதற்காக நடத்தப்பட்ட ஒரு சோதனை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். ட்ரிஸ் தூய மரபணு கொண்டவள், அவள் காதலன் டோபியாஸ் அப்படி இல்லாதவன் என்று தெரியவருகிறது. மனிதரை இப்படித் தரம்பிரிப்பது கொடுமை என்று நாவல் வாதிடுகிறது, வாதம் சரிதான். இருந்தாலும் நாயகி தனித்துவமானவள் என்ற பழைய இனிப்பை அது கைவிடவும் மறுக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு, முதல் பாகத்தில் மக்கள் தங்கள் பிரிவின்மேல் கொண்டிருந்த பற்று, பெற்றோரைப் பிரிந்த வலி, பிரிவற்றவராகிவிடுவோமோ என்ற அச்சம் அனைத்தும் வெளியாட்களின் ஆய்வுக்கூட ஏற்பாடாகச் சுருங்கிவிடுவது. ஊர் மக்கள் ஏன் அடங்கிப் போனார்கள் என்ற கேள்விக்கு, அவர்களை யாரோ கூண்டில் வைத்திருந்தார்கள் என்பது பதிலாகாது.

ஜேம்ஸ் டாஷ்னரின் மேஸ் ரன்னர் தொடர் இன்னும் வெளிப்படையாகக் கடனாளியாகிவிடுகிறது. 2009இல் வந்த முதல் பாகத்தில் தாமஸ் தன் பெயரைத் தவிர எதுவும் நினைவில்லாமல் ஒரு மின்தூக்கிப் பெட்டிக்குள் கண்விழிக்கிறான். சுற்றிலும் நகரும் சுவர்களைக் கொண்ட புதிர்ப்பாதை. இதைக் கட்டியவர்கள் யார், சிறுவர்களை ஏன் அடைத்தார்கள், தாமஸ் முன்பு யாராக இருந்தான் என்ற மூன்று கேள்விகளை நம்பி நாம் இரண்டு புத்தகங்களைப் படிக்கிறோம். தாமஸே புதிர்ப்பாதையைக் கட்டிய அமைப்புக்கு வேலைசெய்தவன் என்று தெரியவரும்போது கதை உண்மையிலேயே ஓர் அரிய இடத்துக்கு வந்து நிற்கிறது: அடங்கிப் போனவனும் எதிர்ப்பவனும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் நினைவைத் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். அவன் வேண்டாம் என்று மறுத்துவிடுகிறான். அவர்களை நம்ப முடியாது என்ற காரணம் அந்தப் பாத்திரத்துக்குப் பொருத்தமானதுதான். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் காத்திருந்த வாசகருக்கு, பரிமாற வந்த இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது போல இருக்கிறது. ஒரு சிறுவன் தன் வயதுப் பிள்ளைகளைப் புதிர்ப்பாதைக்குள் அனுப்பும் வேலையை ஏன் நியாயமென்று நம்பினான் என்பதை அவனுக்குள்ளிருந்தே காணும் வாய்ப்பு அத்தோடு போய்விடுகிறது. பின்னர் 2016இல் வந்த முன்கதை அந்த இடத்தை நிரப்ப முயல்கிறது என்றாலும், மூல முப்பாகத்தின் ஓட்டையை அது அடைக்காது. அந்த உலகைப் பாழாக்கிய கொள்ளைநோயை அரசுகளே திட்டமிட்டுப் பரப்பின என்ற செய்தி கடைசிப் பக்கங்களில் ஓர் அலுவலகக் கடிதமாக வருவது, கதைக்குள் சொல்ல இடமில்லாமல் போனதன் ஒப்புதல் வாக்குமூலம் போலவே எனக்குப் படுகிறது.

பதிப்புச் சூழலையும் சுருக்கமாகச் சொல்லிவிடவேண்டும். ஹங்கர் கேம்ஸ் முப்பாகம் 2008, 2009, 2010 என ஆண்டுக்கு ஒன்றாக வந்து பெருவெற்றி பெற்றபின், டைவர்ஜென்ட் 2011 முதல் 2013 வரை, டெலிரியம் 2011 முதல் 2013 வரை, மாட்ச்ட் 2010 முதல் 2012 வரை என்று அதே தாளத்தில் தொடர்கள் வந்தன. ஒரு புத்தகத்துக்கான கருவை மூன்றுக்கு இழுக்க வேண்டியிருந்தால் நடுப்பாகம் நடைப்பயணமாகிவிடும். கூடவே, நிகழ்காலத்தில் 'நான்' என்று சொல்லும் கதைமுறையும் வழக்கமாகிவிட்டது. பதற்றத்துக்கு அது நல்ல கருவி. ஆனால் அந்த 'நான்' பார்ப்பதற்கு அப்பால் எதையும் சொல்ல முடியாததால், உலகத்தை விளக்கவேண்டிய தருணம் வந்ததும் யாராவது ஒரு பெரியவர் நாயகியை உட்காரவைத்துப் பாடம் நடத்தத் தொடங்குகிறார். திரைப்படங்களும் இதே வழியில் இழுக்கப்பட்டன. அலீஜியன்ட்டை இரண்டு படங்களாகப் பிரித்து, முதல் பாதி 2016இல் வெளிவந்து தோற்றபின், மறுபாதி எடுக்கப்படவே இல்லை.

அறிவியல் பொருத்தமின்மையை நான் பெரிய குற்றமாக எண்ணாததற்குக் காரணம் உண்டு. நீல் ஷஸ்டர்மேனின் அன்வைண்ட், 2007, நம்பவே முடியாத ஒரு சட்டத்தின்மேல் நிற்கிறது. கருக்கலைப்பை முன்னிட்டு நடந்த உள்நாட்டுப் போர் ஒரு சமரசத்தில் முடிகிறது: கருவுற்றது முதல் 13 வயது வரை எந்த உயிரையும் தொடக்கூடாது, 13க்கும் 18க்கும் இடையில் பெற்றோர் விரும்பினால் பிள்ளையின் உடலை உறுப்புகளாகப் பிரித்தெடுக்கலாம், உடலின் எல்லாப் பகுதிகளும் பிறருக்குப் பயன்படுவதால் அது மரணமாகாது. இப்படி ஒரு சட்டத்தை எந்த நாடு ஏற்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கானர் என்ற பையன் தன் விதியை எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்று பாருங்கள். வீட்டில் விடுமுறைப் பயணத்துக்கான விமானச் சீட்டுகள் கிடைக்கின்றன. அப்பா, அம்மா, தம்பி என்று மூன்று மட்டும் இருக்கின்றன. தன்னுடையது வேறெங்காவது இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறான். பிறகு மூன்று நகல்களாக எழுதப்பட்ட உத்தரவு கிடைக்கிறது. வெள்ளைத் தாள் அதிகாரிகளுக்கு, மஞ்சள் தாள் பிள்ளையோடு போகும், இளஞ்சிவப்புத் தாள் பெற்றோரிடம் இருக்கும். தெரிந்துகொண்டதைக் காட்டிக்கொள்ளாமல் அம்மாவுக்குப் பூ வாங்கிக் கொடுக்கிறான். அவள் அழுது தீர்க்கிறாள், ஆனாலும் உத்தரவை ரத்துசெய்ய வழியில்லை. அந்த இளஞ்சிவப்புத் தாளைப் பத்திரமாக எடுத்துவைக்கும் தாயை நம்பியபின் சட்டத்தை நம்புவது எளிதாகிவிடுகிறது.

சூசன் பெத் பிஃபெஃபரின் லைஃப் ஆஸ் வி நியூ இட், 2006, இதற்கு இன்னொரு சான்று. விண்கல் மோதி நிலவு பூமியை நெருங்கிவிடுகிறது. வானியல் அறிந்தவர்கள் அந்தத் தொடக்கத்தைக் கண்டு தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் நாட்குறிப்பாக எழுதப்பட்ட அந்தக் கதையில் உணவு குறையக் குறைய ஒரு குடும்பத்துக்குள் சட்டங்கள் முளைப்பதைக் காண்கிறோம். சரக்கறையில் ஒளித்துவைத்த சாக்லேட் துண்டுகளை மகள் மிராண்டா தின்றுவிடும்போது, மகனின் பிறந்தநாளுக்காக அதைக் காத்துவந்த தாய், மீதியையும் நீயே தின்று முடி என்று அவளை வற்புறுத்துகிறாள். இங்கே கொடுங்கோலன் இல்லை, அரசும் ஏறக்குறைய இல்லை. அன்பும் பங்கீடும் ஒன்றையொன்று நெரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

காதலை நோயென்று அறிவித்து 18 வயதில் அதை வெட்டியெடுக்கும் லாரன் ஆலிவரின் டெலிரியம் உங்கள் பட்டியலில் இருந்தது. காதலை ஒழிப்பதால் ஆள்வோருக்கு என்ன லாபம் என்பதை அந்தத் தொடர் திருப்தியாக விளக்குவதில்லை. நாயகி லீனா இரண்டு இளைஞர்களுக்கு நடுவே தடுமாறுவதும் அலுப்பூட்டுகிறது. கியெரா காஸின் செலக்ஷனைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை: இளவரசனுக்காகப் போட்டியிடும் 35 பெண்களும் எட்டுச் சாதியடுக்கும் இருந்தும், உடைகளுக்குக் கிடைத்த கவனம் அந்த அடுக்குக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் ஹங்கர் கேம்ஸின் மூன்றாம் பாகமான மாக்கிங்ஜேயையும் ஏமாற்றங்களோடு சேர்த்திருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. காட்னிஸ் பாதிக் கதையை மருத்துவமனையிலும் பதுங்கும் மூலைகளிலும் கழிக்கிறாள், பெரும் போர்க்காட்சிகள் அவளைத் தாண்டியே நடக்கின்றன, யாரைக் காப்பாற்ற முன்வந்தாளோ அந்தத் தங்கையே இறுதியில் இறந்துபோகிறாள் என்பவை உண்மையே. ஆனால் வென்ற தரப்பு, தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்து இன்னொரு முறை அதே விளையாட்டை நடத்தலாமா என்று உயிர்தப்பிய வீரர்களிடம் வாக்குக் கேட்கும் அந்த அறை இந்த வகை இலக்கியத்தில் அரிதானது. அந்த வாக்கில் சிலர் வேண்டாம் என்கிறார்கள், சிலர் வேண்டும் என்கிறார்கள், காட்னிஸும் வேண்டும் என்கிறாள். பிறகு அவள் அம்பு பாய்வது புதிய தலைவியின்மேல். அவளுடைய சம்மதம் தந்திரமா, ஆத்திரமா என்று நாவல் நம் கையைப் பிடித்துச் சொல்லித் தருவதில்லை. வெற்றி இனிக்கவில்லை என்பதால் வரும் ஏமாற்றத்தையும் எழுத்து சறுக்கியதால் வரும் ஏமாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்கவேண்டாம்.

அடுத்து எதைப் படிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் அக்லீஸ், 2005, உங்கள் சலிப்புக்கு நல்ல மாற்று. அதன் நாயகி டாலி, 16 வயதில் எல்லோருக்கும் செய்யப்படும் அழகுச் சிகிச்சையை எதிர்ப்பவள் அல்லள், நாட்களை எண்ணிக் காத்திருப்பவள். தப்பியோடிய தோழியைக் காட்டிக்கொடுத்தால்தான் அந்தச் சிகிச்சை கிடைக்கும் என்று மிரட்டப்படுகிறாள். பேட்ரிக் நெஸ்ஸின் கேயாஸ் வாக்கிங் தொடர், 2008இல் தொடங்கியது, ஆண்களின் எண்ணங்கள் அனைத்தும் பிறருக்குக் கேட்கும் உலகில் நடக்கிறது. அங்குள்ள ஓர் ஊரில் சிறுவன் ஆண்மகனாக வேண்டுமானால் ஒரு கொலை செய்யவேண்டும்; எல்லோர் கையிலும் கறை இருப்பதால் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பாக, முன்பே படித்திருந்தாலும், லோயிஸ் லோரியின் தி கிவர் நாவலை மீண்டும் எடுங்கள். 1993இல் வந்தது, ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். நாயகன் ஜோனஸின் தந்தை குழந்தைகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவர், மென்மையானவர், இரவில் உறங்காத கைக்குழந்தை ஒன்றை வீட்டுக்கே தூக்கிவந்து பார்த்துக்கொள்பவர். இரட்டையர் பிறந்தால் எடை குறைந்ததை விடுவித்துவிட வேண்டும் என்பது விதி. அந்த விடுவிப்பின் பதிவை ஜோனஸ் பார்க்கிறான்: தந்தை இரண்டு குழந்தைகளையும் எடைபோடுகிறார், சிறியதிடம் வீட்டில் பேசும் அதே கொஞ்சும் குரலில் பேசியபடி அதன் நெற்றி நரம்பில் ஊசியைச் செலுத்துகிறார், அசைவு நின்றதும் அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கழிவுக்குழாயில் இறக்கிவிட்டு, கையசைத்து விடைகொடுக்கிறார். அவர் யாருக்கும் பயந்து அதைச் செய்யவில்லை. அன்றைய வேலைகளில் அதுவும் ஒன்று.

டெலிரியத்தின் மூன்றாம் பாகத்தை இன்னும் முடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் லீனாவின் அத்தியாயங்களும் அவள் தோழி ஹானாவின் அத்தியாயங்களும் மாறிமாறி வருகின்றன. ஹானா சிகிச்சை பெற்றவள், நகரத்திலேயே தங்கிவிட்டவள், பதவியில் இருக்கும் ஒருவனை மணக்க நிச்சயிக்கப்பட்டவள், பொறாமையால் தோழியைக் காட்டிக்கொடுத்தவள். சிகிச்சை தனக்கு முழுதாகப் பலிக்கவில்லையோ என்று உள்ளூர நடுங்குகிறாள். லீனாவைத் தாண்டிவிட்டு ஹானாவின் அத்தியாயங்களை மட்டும் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள்.